பாட்டன் வாழ்கிறான், தந்தை மறைந்தான்!

(அரசியல் பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)

அரசியல் வகுப்பிலே பேச வந்தவன் கைப்பேசியைப் பற்றியா பேசப் போகிறான் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நிலத்தைப் பற்றிப் பேசலாம். நெல் விலையைப் பற்றிப் பேசலாம். நெசவாளியின் நூல் பஞ்சத்தைப் பற்றிப் பேசலாம். சட்டைப் பையில் கிடக்கும் சின்னஞ்சிறு கருவியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, தோழர்களே! அந்தக் கருவி ஒலிக்கிறதா, ஊமையாகக் கிடக்கிறதா என்பதைப் பொறுத்தே இன்று நியாயவிலைக் கடையில் அரிசி பையில் விழுகிறது. வங்கியில் கிடக்கும் பணம் கைக்கு வருகிறது. வேலைக்குப் போனவள் போனதாகக் கணக்கில் ஏறுகிறது. ஆகவே பேசத்தான் வேண்டும்.

விளம்பரங்களைப் பாருங்கள். ஐந்தாம் தலைமுறை வந்துவிட்டது, ஐந்தாம் தலைமுறை வந்துவிட்டது என்று முரசு கொட்டுகின்றன. தலைமுறை என்பது நமக்குப் பழகிய சொல். பாட்டன், தந்தை, மகன், பேரன் என்று வரிசையாக வருவது. மூத்தவன் முதலில் மறைவதும், இளையவன் அவன் இடத்துக்கு வருவதும் உலக இயல்பு. இந்த வலைகளும் அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒன்றன்பின் ஒன்றாக மறையும் என்றே எவரும் நினைப்பர். நம் நாட்டில் நடந்தது என்ன? 1995-இல் பிறந்த இரண்டாம் தலைமுறை, நீங்கள் 2ஜி என்று சொல்வது, இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிந்திப் பிறந்த மூன்றாம் தலைமுறையைத் தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் புதைத்துவிட்டன. பாட்டன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான், தந்தை மறைந்துவிட்டான், பேரனோ பகட்டாக வந்து நின்று, இந்தக் கிழவனை எப்போது வெளியேற்றப் போகிறீர்கள் என்று கேட்கிறான்!

இந்த விந்தை ஏன் நேர்ந்தது? அதை அறிய, ஒவ்வொரு தலைமுறையும் என்ன செய்தது, யாருக்குச் செய்தது என்று கொஞ்சம் பொறுமையோடு பார்க்க வேண்டும்.

1973 ஏப்ரல் 3-ஆம் நாள் நியூயார்க் வீதியில் நின்று மோட்டரோலா நிறுவனத்து மார்ட்டின் கூப்பர் கைப்பேசியில் முதல் அழைப்பை விடுத்தார். யாருக்குத் தெரியுமா? போட்டி நிறுவனமாகிய பெல் ஆய்வுக்கூடத்தின் ஜோயல் எங்கலுக்கு! மனைவியையோ மக்களையோ அல்ல, போட்டியாளனை அழைத்து, நான் முந்திவிட்டேன் என்று அறிவிக்கவே அந்தக் கருவி முதன்முதலில் வாய் திறந்தது. 1979-இல் டோக்கியோவில் முதல் பொதுச்சேவை, 1981-இல் வடஐரோப்பிய நாடுகளில், 1983-இல் சிகாகோவில். இதுவே முதல் தலைமுறை. குரலை அப்படியே அலைமீது ஏற்றி அனுப்பியது. பேசுகிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அலைவரிசை வேண்டும். அவர் பேசி முடிக்கும்வரை வேறெவரும் அதைத் தொட முடியாது. ஓர் ஊருக்கே ஒரு கிணறு இருக்க, ஒருவர் இறைக்கும்வரை மற்றவர் குடத்தோடு நிற்பதைப்போல. தக்க வானொலிப் பெட்டி வைத்திருந்த எவனும் ஒட்டுக்கேட்கலாம் என்ற அவலமும் இருந்தது. மோட்டரோலா விற்ற முதல் கைப்பேசியின் விலை 3,995 டாலர். பத்து மணி நேரம் மின்னூட்டினால் அரைமணி நேரம் பேசலாம். செல்வச் சீமான்களின் விளையாட்டுப் பொருள் அது. நம் நாட்டு மக்களிடையே அது பரவவே இல்லை. அதற்காக நாம் வருந்தவும் வேண்டியதில்லை.

முறைத் தண்ணீர்

இரண்டாம் தலைமுறையில்தான் கதை தொடங்குகிறது. 1991 ஜூலை 1-இல் பின்லாந்தில் தொடங்கிய ஜி.எஸ்.எம். என்னும் முறை குரலை எண்களாக மாற்றிற்று. எண்களாக்கிவிட்டால் சுருக்கலாம், பூட்டலாம், பங்கிடலாம். தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க அதிகச் சொற்கள் வேண்டா. ஒரே வாய்க்கால், எட்டு வயல்காரர்கள், முறை வைத்து நீர் பாய்ச்சுகிறார்கள். அதேபோல ஓர் அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொருவர் முறையும் நொடிக்கு இருநூறு தடவைக்கு மேல் வந்து போவதால், இடையில் மடை அடைபடுவதே காதுக்குத் தெரிவதில்லை. ஒருவருக்கான இடத்தில் எட்டுப் பேர் பேசினர், செலவு குறைந்தது. சிம் அட்டை வந்தது. 1992 இறுதியில் இங்கிலாந்திலே முதல் குறுஞ்செய்தியும் பறந்தது.

நம் நாட்டுக்கு அது வந்த நாள் 1995 ஜூலை 31. கல்கத்தாவிலிருந்து மேற்குவங்க முதலமைச்சர் ஜோதி பாசு தில்லியிலிருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசினார். முதலமைச்சர் பேசினார், அமைச்சர் கேட்டார், மக்கள்? மக்கள் பத்திரிகையில் படித்தார்கள்! நிமிடத்திற்கு 8 ரூபாய் 40 காசு. நெரிசல் நேரத்தில் 16 ரூபாய் 80 காசு வரை. அழைப்பவனுக்கும் கட்டணம், அழைக்கப்படுபவனுக்கும் கட்டணம். கதவைத் தட்டியவனிடமும் காசு, கதவைத் திறந்தவனிடமும் காசு!

அந்த நிலை எப்படி மாறியது? தொழில்நுட்பம் மாறியதாலா? இல்லை. இதை நன்றாக மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். 1995-லும் இரண்டாம் தலைமுறை, 2003-லும் அதே இரண்டாம் தலைமுறை. கோபுரமும் அதே வகை, கருவியும் அதே வகை. மாறியவை கொள்கையும் போட்டியும். 1999-இல் உரிமக் கட்டண முறை மாற்றப்பட்டது. 2002 அக்டோபரில் பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். கைப்பேசிச் சேவையில் இறங்கிற்று. 2003-இல் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. அதன் பிறகே கொத்தனார் கையிலும், மீன் விற்கும் அம்மையார் மடியிலும் கைப்பேசி ஏறியது. தனியாரின் போட்டியால் வந்த நன்மை என்று முழங்குவோர் உண்டு. போட்டிக் களத்திலே அரசின் நிறுவனமும் ஒரு மல்லனாக நின்றது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

ஏழை அந்தக் கருவியைத் தன் அறிவாலே வளைத்துக்கொண்டான் என்பதையும் சொல்ல வேண்டும். மிஸ்டு கால் என்றொரு மொழி பிறந்ததே, அது எந்த ஆய்வுக்கூடத்தில் பிறந்தது? ஒரு தடவை மணி அடித்தால் வந்து சேர்ந்துவிட்டேன். இரு தடவை அடித்தால் நீயே அழை. காசில்லாமல் செய்தி சொல்லும் கலையைக் காசில்லாதவன் கண்டுபிடித்தான். பின்னாளில் பெரிய பெரிய கட்சிகள் உறுப்பினர் சேர்க்கவே அந்தக் கலையைக் கடன் வாங்கின! 2003-இல் வெளிவந்த நோக்கியா 1100, தலையிலே ஒரு சிறு விளக்கோடு, உலகெங்கும் 25 கோடி அளவுக்கு விற்றது. வரப்பில் நடக்கிறவனுக்கு அந்த விளக்கு, பேசுவதைவிடப் பயன்பட்ட இரவுகள் எத்தனையோ!

அந்த நோக்கியாவின் ஆலை 2006 முதல் நம் திருப்பெரும்புதூரில் இயங்கியதை நீங்கள் அறிவீர்கள். காலம் மாறியது, மக்கள் தொடுதிரைக் கருவிக்குத் தாவினர், வரி வழக்கு ஒருபுறம் நெருக்க, நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் இந்த ஆலையை மட்டும் ஒதுக்கிவிட்டுச் செல்ல, 2014 நவம்பரில் கதவு சாத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களுள் பாதிக்கு மேல் நம் பெண்பிள்ளைகள் என்று சொல்லத்தக்க அளவுக்கு, வேலை இழந்து வீடு திரும்பினர். தலைமுறை மாறுகிறது என்று சொல்வது எளிது. மாறும்போது யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

தந்தை ஏன் மறைந்தான்?

மூன்றாம் தலைமுறைக்கு வருவோம். 2001-இல் சப்பானில் தொடங்கியது. சந்தையிலே நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஆனால் இருவர் தமிழில், இருவர் தெலுங்கில், இருவர் மராத்தியில் பேசினால் அவரவர் மொழி அவரவர் காதுக்கு எட்டும். மற்றது வெறும் இரைச்சலாகும். அதைப்போலவே ஒவ்வொருவர்க்கும் ஒரு தனிக் குறியீடு கொடுத்து, அனைவரையும் ஒரே அகன்ற அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசவிடும் உத்தி இது. அறிவுக்கு விருந்துதான், ஐயமில்லை. முகம் பார்த்துப் பேசலாம் என்றார்கள்.

நம் நாட்டில் 2008 டிசம்பரில் தில்லியில் எம்.டி.என்.எல்., அடுத்த ஆண்டில் பி.எஸ்.என்.எல். எனப் பொதுத்துறையே இதை முதலில் தொடங்கிற்று. பிறகு 2010-இல் ஏலம். அலைக்கற்றைக்கு ஏறத்தாழ 67,700 கோடி ரூபாய் விலை ஏறியது. ஏலத்தில் தனியார் ஏற்றிவிட்ட விலையையே பொதுத்துறை நிறுவனங்களும் கட்ட நேர்ந்தது. அரசின் கசானாவுக்குப் பணம் வந்தது, நல்லது. ஆனால் அவ்வளவு பணத்தைக் கொட்டிய நிறுவனம் கோபுரம் கட்ட எங்கே போகும்? கடனுக்குப் போகும். கடனை எங்கே திருப்பும்? உங்கள் ரீசார்ஜில்! கட்டணம் உயரத்தில் நின்றது. ஏற்ற கருவியின் விலையும் உயரத்தில் நின்றது. நகரத்தைத் தாண்டினால் அலை இல்லை. குரல் பேசப் பாட்டனே போதும்; படம் பார்க்கத் தந்தையிடம் வேகம் போதாது. இரண்டுக்கும் நடுவே நின்ற தந்தைக்கு ஊரில் வேலை இல்லாமற் போயிற்று.

அந்த வேளையில்தான் 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ நான்காம் தலைமுறையோடு நாடெங்கும் இறங்கியது. மாதக்கணக்கில் இலவசம் என்றது. அதற்கு முன்னமே, 2012-இல், கல்கத்தாவில் ஏர்டெல் இதைத் தொடங்கியிருந்தாலும், வெள்ளமாகப் பெருகியது 2016-இல்தான். நான்காம் தலைமுறை வாய்க்காலை வேறு விதமாக வெட்டியது. அகன்ற அலைவரிசை ஒன்றை 1,200 சிறு வாய்க்கால்களாகப் பிரித்து, எந்த வயலுக்கு இப்போது நீர் வேண்டுமோ அதற்கு அத்தனை வாய்க்காலைத் திறந்துவிடுகிறது; ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒரு தடவை இந்தக் கணக்கைப் புதிதாகப் போடுகிறது. வேகம் வந்தது, விலை சரிந்தது. அது உண்மை, அதை மறுப்பது நேர்மையாகாது. குக்கிராமத்து மாணவன் பாடம் கேட்டதும், கடலூர்ப் பெண் துபாயில் இருக்கும் கணவன் முகத்தை நாள்தோறும் பார்த்ததும் இதனால்தான்.

ஆனால் அந்த வெள்ளத்தில் மூழ்கியவர்கள் எத்தனை பேர்! நம் தமிழ்நாட்டிலே வேரூன்றியிருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திடீரென ஊமையானது. கடனும் கோபுர வாடகைப் பாக்கியும் கழுத்தை நெரித்தன. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளக் கூட வழியறியாமல் மக்கள் கடை வாசலில் திரண்டு நின்ற காட்சியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த களத்தில் மூன்று தனியாரும் ஒரு பொதுத்துறையும் எஞ்சின. ஏர்டெல் 2019-இலும் 2020-இலும் தன் மூன்றாம் தலைமுறை வலையை மூடிற்று. இரண்டாம் தலைமுறையை மூடவில்லை. ஏன்? பாசத்தினாலா? பட்டன் போன் வைத்திருந்த கோடிக்கணக்கானவர்கள் அதன் வாடிக்கையாளர்கள். மூன்றாம் தலைமுறைக் கருவி வைத்திருப்பவன் அது போனாலும் இரண்டாவதில் இறங்கிப் பேசுவான். பட்டன் போன்காரனுக்கோ இறங்குவதற்கு வேறு படியே இல்லை.

இங்கேதான் ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. நான்காம் தலைமுறையில் குரலுக்கென்று தனிப் பாதை கிடையாது; குரலும் தரவுப் பொட்டலமாகத்தான் போகிறது. அதற்கேற்ற கருவி இல்லாதவன் வேகம் குறைந்து பேசமாட்டான், பேசவே மாட்டான். ஜியோவுக்கு இரண்டாம் தலைமுறை வலையே கிடையாது. ஆகையால் அதன் கோபுரத்தின் அடியிலே நின்றாலும் பழைய பட்டன் போன் ஊமைதான்.

2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு ஒரு கருவியை வெளியிட்டபோது, 25 கோடிப் பேர் இன்னும் 2ஜி காலத்தில் சிக்கிக் கிடக்கிறார்கள் என்று ஜியோ நிறுவனத்தார் இரங்கினார்கள். அந்தக் கருவியில் போட்டியாளரின் சிம் வேலை செய்யாது என்பதை எண்ணும்போது, அந்த இரக்கத்தின் எடை இன்னதென்று தெரிகிறது. சிக்கியவனை விடுவிக்க வந்தவர் தன் வீட்டுத் தூணிலேயே கட்டிப்போடுகிறார்!

தண்டனையாக வந்த தலைமுறை

ஐந்தாம் தலைமுறையைப் பற்றி நெடுநேரம் பேசப் போவதில்லை. 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் 1,50,173 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விலைபோயிற்று; அக்டோபர் 1-இல் தில்லியில் தொடக்க விழா. கோபுரத்தின் உச்சியிலிருந்து நாலாபுறமும் ஒளி சிந்தும் தெருவிளக்கைப்போல் அல்லாமல், யார் எங்கே இருக்கிறாரோ அங்கே திருப்பிப் பாய்ச்சும் டார்ச் விளக்கைப்போல அலையை அனுப்புகிறது. தானியங்கி ஆலைக்கும் துறைமுகப் பளுதூக்கிக்கும் வீட்டு இணையத்துக்கும் அது நிச்சயம் பயன்படும். ஆனால் அதன் பெருவேகமெல்லாம் உயர்ந்த அதிர்வெண்ணில்தான். அதிர்வெண் உயர உயர அலை போகும் தொலைவு குறையும். சுவரைத் துளைக்கும் வலிமையும் குறையும். ஆகவே கோபுரங்கள் நெருங்கி நிற்க வேண்டும். நெருங்கி நிற்பது எங்கே? பணம் நெருங்கி இருக்கும் இடத்தில். சவ்வாது மலைக்கும் கொல்லிமலைக்கும் முதலில் வேண்டுவது டார்ச் விளக்கா, ஏதேனும் ஒரு விளக்கா?

தலைமுறைகளின் வேறுபாடு வெறும் வசதியின் வேறுபாடு என்று எவரேனும் சொன்னால், அவரைக் காசுமீரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 2019 ஆகஸ்ட் 5-இல் அங்கே எல்லாத் தொடர்பும் துண்டிக்கப்பட்டது. 2020 சனவரி 10-இல் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை முடக்குவது ஏற்கத்தக்கதன்று என்றது. அதே மாதக் கடைசியில் கைப்பேசி இணையம் வந்தது; எந்த வேகத்தில்? 2ஜி வேகத்தில்! அதுவும் அரசு அனுமதித்த தளங்களுக்கு மட்டும். மார்ச்சில் கொரோனா வந்தது. நாடெங்கும் பள்ளி இணையத்தில் நடந்தது. மருத்துவக் குறிப்புகள் இணையத்தில் வந்தன. ஐந்து மெகாபைட் அளவுள்ள ஒரு மருத்துவ ஆவணத்தை நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில் இறக்கக் கிட்டத்தட்ட ஏழு நிமிடம் ஆகும். நான்காம் தலைமுறையில் எச்சில் விழுங்கும் நேரம். 2020 ஆகஸ்டில் இரண்டே மாவட்டங்களுக்குச் சோதனையாக வேகம் தரப்பட்டது. முழுவதற்கும் கிடைத்தது 2021 பிப்ரவரி 5-இல். பதினெட்டு மாதங்கள், தோழர்களே! கோபுரம் இருந்தது, கருவி இருந்தது, கட்டணமும் மக்கள் கட்டினர். தலைமுறை மட்டும் ஆணையிட்டுப் பின்னுக்குத் தள்ளப்பட்டது. பாதுகாப்புக்காக என்றது அரசு. ஒரு மக்கள் திரளையே பழைய தலைமுறையில் நிறுத்திவைக்க ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும் என்பதை நாம் கண்டோம்.

அங்கே ஆணையால் நடந்தது, இங்கே விலையால் நடக்கிறது. 2021, 2024 ஆண்டுகளில் கட்டணங்கள் ஏறின. பட்டன் போன் வைத்திருக்கும் கிழவிக்கு வேண்டியது என்ன? மகனோடு பேசுவது, வங்கியின் குறுஞ்செய்தி. அவள் வாங்கும் ரீசார்ஜிலோ தரவும் சேர்த்தே கட்டப்பட்டிருந்தது. பார்க்கவே முடியாத படத்துக்கு அவள் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்! இந்தக் கொடுமை கடைசியில் டிராய் ஆணையத்தின் கண்ணிலும் பட்டது. 2024 டிசம்பரில், குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான கட்டணத் திட்டமும் வைத்தாக வேண்டும் என்று விதி செய்தது. நிறுவனங்கள் வைத்தன, 84 நாளுக்கு நானூறு ரூபாய்க்கு மேல். சட்டம் நிறைவேறியது, கிழவியின் சுருக்குப்பை நிறையவில்லை.

அரசும் தன் பங்குக்கு ஏழையைப் புதிய தலைமுறையின் வாசலுக்கு விரட்டிற்று. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 சனவரி முதல் வருகையை நாளுக்கு இருமுறை படம் பிடித்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயம் என்றார்கள். மண் வெட்டியவள் வெட்டியதற்குச் சான்று வெட்டிய குழி அல்ல, ஏறிய படம்! அலை கிடைக்காத ஏரிக்கரையில் உடல் உழைத்தும் கணக்கில் வராமற் போன கூலியைப் பற்றிய முறையீடுகள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்தன. நியாயவிலைக் கடையின் விரல்ரேகை இயந்திரத்துக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. அது சுழன்றுகொண்டே இருக்கும்போது வரிசையும் வெயிலில் சுழல்கிறது.

பாட்டனின் நோய்

அப்படியானால் பழையதே வாழ்க, புதியது ஒழிக என்கிறேனா? இல்லை. பாட்டனிடம் நோயும் இருக்கிறது. இரண்டாம் தலைமுறையில், கருவி தான் யாரென்று கோபுரத்துக்கு மெய்ப்பிக்க வேண்டும். கோபுரம் தான் யாரென்று கருவிக்கு மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஒரு கள்ளன் போலிக் கோபுரம் ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு வந்தால், கருவி அதையும் நம்பும். வங்கியின் பெயரில் பொய்க் குறுஞ்செய்தியை அவன் இறக்கலாம். அதன் பூட்டும் பழைய பூட்டு, திறக்கும் வித்தையைப் பலர் கற்றுவிட்டனர். மூன்றாம் தலைமுறையிலிருந்து இருபுறமும் மெய்ப்பிக்கும் முறை வந்துவிட்டது. அதுவன்றி, அதே அலைக்கற்றையில் புதிய முறை பன்மடங்கு மக்களுக்குப் பயன்படும். என்றேனும் ஒருநாள் பாட்டனை வழியனுப்பத்தான் வேண்டும்.

எப்போது, எப்படி என்பதுதான் வழக்கு. ஆத்திரேலியாவைப் பாருங்கள். அங்கே 2024-இல் மூன்றாம் தலைமுறையை மூட முனைந்தபோது ஒரு பேராபத்து தெரியவந்தது. நான்காம் தலைமுறைக் கருவிகளுள் சில, அன்றாட அழைப்பை நான்காவதில் எடுத்தாலும், அவசர உதவிக்கு அழைக்கும்போது மட்டும் மூன்றாவதைத்தான் தேடுமாம்! நெஞ்சுவலி வந்தவன் அழைக்கும்போதுதான் கருவி ஊமை என்று தெரியும். ஜூன் இறுதியில் மூடுவதாக இருந்தது ஆகஸ்டுக்குத் தள்ளி, பிறகு அக்டோபர் 28 வரை தள்ளினார்கள். செனட் குழு விசாரித்தது. அத்தகைய கருவிகளை வலையில் சேர்க்கவே கூடாதென்று நிறுவனங்களுக்கு அரசு ஆணையிட்டது. இத்தனைக்கும் அது இரண்டே முக்கால் கோடி மக்கள் வாழும் செல்வ நாடு. 25 கோடிப் பேர் என்று நிறுவனமே ஒப்புக்கொண்ட நாட்டில், நாள் குறிக்குமுன் எத்தனை எச்சரிக்கை வேண்டும்!

நம் பக்கத்து மல்லனையும் மறக்க வேண்டா. பி.எஸ்.என்.எல். நான்காம் தலைமுறைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது 2020 மார்ச்சில். ஜூலையில் அது கைவிடப்பட்டது. வெளிநாட்டுப் பொறி வேண்டா, உள்நாட்டுப் பொறியே என்றார்கள். கொள்கை நன்றே. ஆனால் தனியார் எந்த நாட்டுப் பொறியை வாங்கியும் ஓடிக்கொண்டிருக்க, பொதுத்துறையின் காலில் மட்டும் அந்தக் கொள்கை விலங்காக விழுந்தது. 2025 செப்டம்பர் 27-இல் ஒடிசாவின் ஜார்சுகுடாவில், ஏறத்தாழ 97,500 கோபுரங்களோடு அதன் நான்காம் தலைமுறை நாட்டுக்கு அளிக்கப்பட்டது. நம் பொறியாளர்கள் சொந்தமாகச் செய்து காட்டியது பெருமைதான். ஜியோ நாடெங்கும் இறங்கி ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின் என்பதும் கூடவே எழுதப்பட வேண்டும்.

இன்னொன்று. 2018 நவம்பரில் கசா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பம் சாய்ந்தது, கோபுரமும் உயிரிழந்தது. அன்று இரண்டாவதும் பேசவில்லை, நான்காவதும் பேசவில்லை. மின்கலம் தீர்ந்து டீசலும் வராத கோபுரத்துக்குத் தலைமுறை ஏது? எண்ணிக்கையில் மயங்குவோர் இதையும் கேட்க வேண்டும்: மின்சாரம் போனால் இந்தக் கோபுரம் எத்தனை மணி நேரம் தாங்கும்?

நம் கோரிக்கை சுருக்கமானது. இரண்டாம் தலைமுறையை மூட நாள் குறிப்பது நிறுவனத்தின் வசதியாக இருக்கக்கூடாது. அரசு முன்கூட்டி அறிவிக்க வேண்டும். மூடுமுன், எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கும் நான்காம் தலைமுறைப் பட்டன் போன் ஏழையின் கைக்கு வந்து சேர வேண்டும்; அதற்கான செலவை, காலியாகும் அலைக்கற்றையால் ஆதாயம் அடைபவர் ஏற்க வேண்டும். நியாயவிலைக் கடை இயந்திரங்கள் முதலில் மாற்றப்பட வேண்டும், வலை பிறகு மூடப்பட வேண்டும். குரலுக்கு மட்டுமான மாதக் கட்டணம் ஒருநாள் கூலிக்குள் நன்றாக அடங்க வேண்டும்.

இதை வெறும் தீர்மானமாக நிறைவேற்றிக் கோப்பிலே வைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த இரு வாரங்களில் ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் தெருவில் வீடு வீடாகச் செல்லுங்கள். எத்தனை பட்டன் போன், அவற்றுள் எத்தனை நான்காம் தலைமுறையை ஏற்கும், எத்தனை ஏற்காது என்று குறியுங்கள். கருவியின் பின்மூடியைத் திறந்தால் மாதிரி எண் இருக்கும், அதை எழுதிக்கொண்டால் போதும். மாதம் எவ்வளவுக்கு ரீசார்ஜ், அதில் தரவைப் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். நியாயவிலைக் கடை விற்பனையாளரிடம் அவரது இயந்திரத்தில் எந்த நிறுவனத்தின் சிம், எந்தத் தலைமுறையில் ஓடுகிறது, சென்ற மாதம் எத்தனை நாள் நின்றது என்று கேட்டு எழுதுங்கள். ஊர் எல்லையில் எந்த இடத்தில் அலை அறுந்துபோகிறது என்று நடந்து பார்த்து, மரத்தையோ மதகையோ அடையாளமாகக் குறியுங்கள். தனியே வாழும் முதியோரின் பெயரைத் தாளில் எழுத வேண்டா, எண்ணிக்கை போதும். அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். தொலைத்தொடர்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டிய மனுவை அன்று இங்கேயே உட்கார்ந்து எழுதுவோம்.